தட்டிப் பாத்தவையோ?

பாரிசில், ரூ பஜோல் தெருவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் காலையில் முதலில் எழும்புவது வீடுகளைச் சூடாக்கும் குழாய்தான். கீழ்மாடியிலிருந்து உச்சிமாடி வரை எல்லா வீட்டுக்கும் அந்த ஒரே இரும்புக் குழாய். விடியும் நேரம் அதில் மூன்று தட்டு கேட்கும். ஓங்கிய தட்டு இல்லை, கரண்டியின் பின்பக்கத்தால் தட்டியதுபோல அளவானது. பிறகு சத்தம் நின்றுவிடும். அது எங்களுடைய முறை. பதிலுக்கு நாங்களும் மூன்று தட்டவேண்டும்.

தட்டாவிட்டால் கீழ்வீட்டு மனிதர் படியேறி வந்துவிடுவார். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இரண்டு மாடி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கி, வாசலில் நிற்கும்போது பேச்சு வராது. கதவிலும் மூன்று தட்டுத்தான்.

“இருக்கிறீங்களோ?”

“இருக்கிறம்.”

“சரி.”

அவ்வளவுதான். திரும்பி இறங்கிப் போய்விடுவார். நான் ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. இரவு வேலை முடிந்து வந்து படுக்கையில் விழுந்து கொஞ்ச நேரத்திலேயே குழாய் தட்டும். முதல் வாரம் ஆள் பைத்தியம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் கட்டடம் பார்க்கிறவரிடம் முறையிடப் புறப்பட்டேன். மனைவிதான் மறித்தாள்.

“பாவம், தனிய இருக்கிற மனிசன். ஒரு கரண்டியாலை தட்டுறதிலை உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?”

நித்திரை குறைந்து போகிறது என்று சொன்னேன். அவள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அவர் மொரோக்கோக்காரர். பிரான்சின் வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, சுரங்கம் மூடிய பிறகும் அங்கேயே இருந்துவிட்டுக் கடைசியில் பாரிசுக்கு வந்தவர். கட்டடத்தில் இருந்த தமிழர்கள் அவருக்குக் கரியப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். கடிதப்பெட்டியில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. படிக்கட்டில் அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை. அவருடைய பிரெஞ்சு சுரங்கத்துக்குள் படித்தது, என்னுடையது குசினிக்குள் படித்தது. இரண்டும் எப்படியோ ஒன்றையொன்று விளங்கிக்கொண்டன. அவர் பேசியதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

மாரிக் குளிரிலும் ஜன்னலைப் பூட்டமாட்டார். இருமி முடிந்ததும் கைலேஞ்சியை விரித்துப் பார்த்து, மடித்து, பையில் வைப்பார். நிலத்துக்குக் கீழே போகும் எதிலும் ஏறமாட்டார். லா சப்பலில் இரண்டாம் இலக்க மெத்ரோ தெருவுக்கு மேலே, பாலத்தில் ஓடுகிறது. அதில் ஏறுவார். ஒரு பக்கம் பார்பெஸ், மறுபக்கம் ஜோரேஸ். அதற்கு அப்பால் ரயில் நிலத்துக்குள் இறங்கிவிடும் என்பதால் அங்கேயே இறங்கி மிச்சத் தூரத்தை நடப்பார். ஒருமுறை பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு அழைத்தோம். RER என்ற புறநகர் ரயில் நிலத்துக்குள்ளிருந்து புறப்படுகிறது என்று தெரிந்ததும், “நீங்கள் போங்கோ, நான் இஞ்சை வீடு பார்க்கிறன்” என்றுவிட்டார்.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய விஷயங்களாகவே இருந்திருக்கும், 2009 மே மாதம் வந்திராவிட்டால்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. தாய் இல்லாத வீட்டில் அவள்தான் அவனை வளர்த்தாள். போர் முடிந்த அந்த மாதத்தில் அவன் வன்னியில், கடற்கரையோரம் எல்லாச் சனமும் நெருக்கப்பட்டுக் கிடந்த துண்டு நிலத்தில் இருந்தான். கடைசியாக யாரோ ஒருவருடைய செய்மதித் தொலைபேசியில் பேசினான். “அக்கா, பங்கருக்குள்ளை இருக்கிறம். பிறகு எடுக்கிறன்” என்றான். பிறகு எடுக்கவில்லை. போர் முடிந்தது. முகாம்களில் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் கேட்டார்கள். எங்கேயும் அவன் இல்லை.

ஒரு வருடம் போனதும் மாமா, அவளுடைய தகப்பன், ஊரிலிருந்து பேசினார்.

“பிள்ளை, அவனுக்கு அந்தியேட்டி செய்வம். அந்தரிச்சுத் திரியக்கூடாது.”

“உடம்பைக் கண்டனீங்களோ அப்பா?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப ஆருக்குச் செய்யப்போறியள்?”

வளர்த்தவள் அவள், அவள் ஓம் என்று சொல்லாமல் அந்த ஈமக்கிரியையைச் செய்யமாட்டேன் என்று மாமா இருந்தார். அவள் சொல்லமாட்டாள். குளிக்கும்போதும் தொலைபேசியை பொலித்தீன் பையில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. என் கண்ணுக்கு முன்னால் ஒருத்தி தேய்ந்துகொண்டிருந்தாள். அவன் செத்துவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை அவள் ஏற்றுக்கொண்டு, அழுது, எழும்பவேண்டும் என்பதுதான் என் ஆசை. எனக்குப் பழையபடி அவள் வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

அவளுக்குத் துணை கரியப்புத்தான். நான் வேலைக்குப் போனபிறகு வந்து எங்கள் குசினியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். ஆறுதல் ஒன்றும் சொல்வதில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, தொலைபேசியை அவளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டு இருப்பார். மற்றவர்கள் எல்லோரும் “மனசைத் தேத்திக்கொள்” என்று சொல்லிச் சொல்லி அவளை வெறுப்பேற்றியிருந்தார்கள். அப்படிச் சொல்லாத ஒரே ஆள் அவர்.

இரயில் பாதைப் பக்கமாக ஒரு பழைய கட்டடத்தை இடிப்பதற்காகக் குடியிருந்தவர்களை வெளியேற்றியிருந்தார்கள். வேறு யாரும் உள்ளே புகுந்து குடியிருக்காமல் கீழ்வீட்டு ஜன்னல்களைச் சீமெந்துக் கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தான் ஒரு மேசன். ஒருநாள் நானும் கரியப்புவும் அந்த வழியாகச் சந்தைப் பையோடு வந்துகொண்டிருந்தோம். அவர் நின்றுவிட்டார்.

“உள்ளை தட்டிப் பாத்தனீரோ?” என்று மேசனைக் கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை மிசியே. எல்லாரும் போயிட்டினம்.”

“அது தெரியும். தட்டிப் பாத்தனீரோ?”

மேசன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கரியப்பு பையைக் கீழே வைத்துவிட்டு, அடைபடாத ஜன்னல் சட்டத்தில் மூன்று தட்டினார். தலையைச் சரித்துக்கொண்டு நின்றார். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம், இழுத்துக்கொண்டு வந்ததற்குப் பதில்போல, தன்னுடைய கதையைச் சொன்னார்.

அவருடைய மலையூருக்குக் கம்பனியின் ஆள் ஒருவர் வந்தாராம். இளைஞர்களை வெறும் மேலோடு வரிசையில் நிறுத்திப் பல்லைப் பார்த்து, தோளை அமுக்கிப் பார்த்து, நெஞ்சிலே மை முத்திரை குத்தினாராம். பச்சை மை என்றால் பிரான்ஸ், சிவப்பு மை என்றால் வீடு. இவருக்கும் இவருடைய சித்தப்பா மகனுக்கும் பச்சை. “நாங்கள் அதைக் கழுவாமல் வைச்சிருந்தனாங்கள்” என்றார். சுரங்கங்களை மூடப்போவது கம்பனிக்கு அப்போதே தெரியும். கடைசி வருடங்களுக்குத்தான் ஆட்கள் தேவைப்பட்டார்கள், நிரந்தரமாக்கத் தேவையில்லாத ஆட்கள். முந்தி வந்த போலந்துக்காரருக்கும் இத்தாலிக்காரருக்கும் வீடும் தோட்டமும் கிடைத்தன. இவர்களுக்குக் குறுகிய ஒப்பந்தமும் மரக்கொட்டிலும்.

ஒருநாள் கீழே ஒரு சுரங்கவழியில் நெருப்புப் பிடித்தது. அந்தப் பக்கம் வேலை செய்தவர்களில் சிலர் வரவில்லை. சித்தப்பா மகனும் வரவில்லை. காற்றுப் போகப்போக நெருப்பு வளரும், வாயு வெடித்தால் மற்ற வழிகளில் நிற்பவர்களும் போய்விடுவார்கள் என்று வழியை அடைக்க முடிவெடுத்தார்கள். சுவர் கட்டத் தெரிந்தவன் யார் என்று கேட்டார்கள். ஊரில் சுவர் கட்டிப் பழகிய இவர் கையைத் தூக்கினார்.

“அடைக்க முதல் ஒரு முறை இருக்கு. குழாயிலை மூண்டு தரம் தட்டவேணும். எல்லாரும் வாயை மூடவேணும், மெஷினை நிப்பாட்டவேணும். பிறகு காத்திருக்கவேணும். பழைய போலந்துக்காரர் சொல்லுவினம், உனக்குப் போதும் எண்டு படுற நேரத்திலை இருந்துதான் காத்திருப்புத் தொடங்குது எண்டு.”

“நீங்கள் காத்திருந்தனீங்களோ?”

“தட்டினனாங்கள். எஞ்சினியர் மணிக்கூட்டைப் பாத்தார். ‘காணும், அடையுங்கோ’ எண்டார். நான் கல்லு வைக்கத் தொடங்கினன். பாதிச் சுவரிலை எனக்கு ஏதோ கேட்டது. எஞ்சினியர் சொன்னார், சூட்டிலை குழாய் சுருங்குற சத்தம் எண்டு. இருக்கலாம். அப்பிடியும் இருக்கும்தானே. நான் மிச்சத்தையும் கட்டினன்.”

குளித்து உடுப்பு மாற்றும் மண்டபத்தில் அவரவர் உடுப்பைச் சங்கிலியில் கொளுவிக் கூரைக்கு இழுத்துவிடுவார்களாம். அன்று ஏறி வந்தவர்கள் தங்கள் சங்கிலியை இறக்கி உடுத்துக்கொண்டு போனார்கள். சில உடுப்புகள் மட்டும் மேலேயே தொங்கின. அவற்றுக்குக் கீழேதான் அவர் சுரங்கம் மூடும்வரைக்கும் உடுப்பு மாற்றினார்.

அந்த எஞ்சினியராக நான் இருந்திருந்தாலும் அடைக்கத்தான் சொல்லியிருப்பேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வருடம் எங்கள் கடைக்கு வேலைக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். காலில் செல் குண்டுக் காயம், கொஞ்சம் நொண்டுவார். பேச்சோடு பேச்சாக, மனைவியின் தம்பி இருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் கடைசி நாட்களில் இருந்தவர் என்று தெரியவந்தது. இதோடு ஒரு முடிவு வரட்டும் என்று அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். குசினியில் கரியப்பு வழக்கம்போல இருந்தார்.

வந்தவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“அக்கா, உங்கடை தம்பி இருந்த பங்கருக்கு மேலை செல் விழுந்தது. மண் சரிஞ்சு வாசலை மூடிப்போட்டுது. நாங்கள் ஓடிட்டம். நிண்டு பாக்கிற நிலைமை இல்லை.”

மனைவி அழவில்லை. கரியப்புவுக்கு அதைப் பிரெஞ்சில் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தட்டிப் பாத்தவையோ?”

அவள் அதையும் தமிழில் வந்தவரிடம் கேட்டாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் கோணியது.

“என்னத்தையக்கா தட்டுறது? மண்ணையோ?”

அவர் அழுதுகொண்டே போனார். மனைவி அன்று முழுக்க மேசையை விட்டு எழும்பவில்லை. செத்துப்போனான் என்ற செய்தியாக முடிந்திருக்கவேண்டியதை கரியப்பு ஒரு கேள்வியால் திறந்துவிட்டார். மண்ணுக்குள் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்திருப்பான் என்று இனி அவள் நினைத்துக்கொண்டே இருப்பாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கீழே இறங்கிப் போய் அவருடைய கதவைத் தட்டினேன், மூன்று தட்டு இல்லை, குத்தினேன்.

“அவளுக்கு நம்பிக்கை குடுக்கிறதை விடுங்கோ. அவன் இல்லை. உங்களுக்கும் அது தெரியும்.”

“அவன் இருக்கிறான் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை,” என்றார். “பாக்காமல் மூடாதையுங்கோ எண்டுதான் சொன்னனான்.”

“நீங்கள் மட்டும் என்ன செய்தனீங்கள்? பாதிச் சுவரிலை கேட்டதெண்டு சொன்னீங்கள். ஏன் மிச்சத்தைக் கட்டினீங்கள்?”

பதிலுக்கு நிற்காமல் மேலே வந்துவிட்டேன். கேட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. யாராவது ஒருநாள் கேட்கவேண்டிய கேள்விதான்.

அடுத்த நாள் குழாய் தட்டவில்லை. அதற்கடுத்த நாளும் தட்டவில்லை. நித்திரை நன்றாகக் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன், ஆனால் அந்த நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்து, இருட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சில நாள் கழித்து ஒரு விடியலில் மனைவி எழுந்து போய்த் தானே முதலில் மூன்று தட்டினாள். நின்றாள். வெகுநேரம் நின்றாள். “வந்து படும்” என்று கூப்பிட்டேன். கையைக் காட்டி மறித்தாள். பிறகு கீழேயிருந்து மூன்று தட்டு வந்தது. அதன்பிறகு முதலில் தட்டுவது அவளுடைய வேலையாயிற்று.

அவருக்கு இருமல் வருத்தம் முற்றியது. நெஞ்சுக்குள் படிந்த கல்லுத் தூள் அது, மருந்து கிடையாது. மூக்கில் குழாயும் தோளில் ஒக்சிசன் பையுமாகத் திரிந்தார். “ஒருக்கால் அந்தச் சுரங்கத்துக்குப் போயிட்டு வரவேணும்” என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். லில் நகரில் இருந்த அவருடைய ஒரே மகள், “என்னத்துக்கு அந்த இடத்துக்கு?” என்று மறுத்துவிட்டாள். கடைசியில் நாங்கள்தான் கூட்டிப்போனோம். பிள்ளையார் தேர் முடிந்த அடுத்த நாள், கடை பூட்டு. ரூ பஜோலில் உடைத்த தேங்காய்ச் சிரட்டைகள் இன்னும் ஓரங்களில் கிடந்தன. கார் து நோர் ரயில் நிலையத்தில் நிலத்துக்கு மேலே புறப்படும் ரயிலாகப் பார்த்து ஏறி, மாறி, பஸ் பிடித்துப் போனோம்.

ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. சிவப்புக் கல் வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் கதவும் ஜன்னலும் இருந்த இடத்தில் சீமெந்துக் கல். ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஜன்னல்சீலை தெரிந்தது. அதைப் பார்த்துக் கையைத் தூக்கினார், சீலை கொஞ்சம் அசைந்தது. இது டொக்டர் வீடு, இது கம்பனிக் கடை, இது போலந்துக்காரரின் கோவில் என்று காட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் கம்பனியின் சொத்து, பிறந்ததிலிருந்து புதைப்பது வரைக்கும். கரி முடிந்ததும் கம்பனி போயிற்று. ஒப்பந்தத்தில் வந்தவர்களின் கையில் ஊருக்குப் பயணச்சீட்டைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வேலை தேடிப் போனார்கள், கிழவர்கள் செத்தார்கள். தோண்டித் தோண்டி நிலம் ஆற்றைவிடத் தாழ்ந்துவிட்டதாம். இன்றைக்கும் பம்ப் ஓடுகிறது, நிறுத்தினால் ஊர் குளமாகிவிடும். தூரத்தில் கழிவுக் கல்லைக் கொட்டிய கறுப்பு மலை. அதற்குள் இன்னும் நெருப்பு இருக்கிறது, பனி கொட்டினால் அதன் உச்சியில் மட்டும் நிற்காது என்றார்.

சுரங்க வாய் இருந்த இடம் புல்வெளி. நடுவில் கொங்கிரீட் மூடி, அதிலிருந்து வாயு வெளியேற ஒரு இரும்புக் குழாய். அதைப் பார்த்ததும்தான் எங்கள் வீட்டுக் குழாய் எனக்கு விளங்கியது.

கரியப்பு ஒரு கல்லை எடுத்து மூன்று தட்டினார். காதை வைத்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்று சிகரெட் பற்றவைத்தேன். திரும்பிப் பார்த்தபோது என் மனைவியும் மறுபக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். கிழவரும் அவளும் ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நான் இரண்டாவது சிகரெட்டையும் முடித்தேன்.

“அப்பு, என்ன கேக்குது?” என்று கேட்டேன்.

“தண்ணி,” என்றார். “முந்தி வந்தால் காத்துக் கேக்கும். இப்ப தண்ணி வந்திட்டுது.”

ரயிலில் திரும்பும்போது, “அண்டைக்கு நான் கல்லைக் கீழை வைச்சிருக்கவேணும்” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் கேட்டதற்குப் பதில் அது. “வைச்சிருந்தால் நீங்களும் செத்திருப்பியள்” என்றேன். “ஓம்” என்றார்.

அந்த மாரியில் ஒரு விடியல் மனைவி தட்டினாள். காத்திருந்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். கதவு பூட்டியிருக்கவில்லை, ஜன்னலும் திறந்திருந்தது.

உடலை அவருடைய மலையூருக்கு அனுப்ப மகள் ஏற்பாடு செய்தாள். விமானத்தில் போகும் பெட்டிக்குள்ளே துத்தநாகத் தகட்டுப் பெட்டி இருக்கவேண்டும், அதைக் காற்றுப் புகாமல் சுற்றிவர ஈயம் வைத்து ஒட்டவேண்டும், போலீஸ் முன்னிலையில் முத்திரை வைக்கவேண்டும். அதுதான் சட்டம். ஆஸ்பத்திரிப் பிணவறையில் மகள், நாங்கள் இரண்டு பேர், ஒட்டுகிற ஆள், முத்திரைக்கு வந்த போலீஸ்காரர். தகட்டு மூடியை எடுத்துப் பொருத்தினார்கள். ஒட்டுகிறவர் நெருப்பைப் பற்றவைத்தார்.

“கொஞ்சம் பொறுங்கோ மிசியே,” என்றாள் என் மனைவி.

அவள் முன்னுக்குப் போய் மூடியில் விரல் முட்டியால் மூன்று தட்டினாள். மகளுக்கு விளங்கிவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். ஒட்டுகிறவர் என்ன நினைத்தாரோ, நெருப்பை அணைத்தார். மனைவி தகட்டில் காதை வைத்தாள். நாங்கள் நின்றோம். போலீஸ்காரர் மணிக்கூட்டைப் பார்க்கக் கையைத் திருப்பினார். நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது, அவரும் உதறவில்லை. போதும் என்று எனக்கு எப்போதோ பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் அவள் நின்றாள்.

கடைசியில் நிமிர்ந்தாள்.

“ஒண்டும் இல்லை. மூடச் சொல்லுங்கோ.”

லா சப்பலுக்கு வந்து மெத்ரோவால் இறங்கி, பாலத்து நடைமேடையிலேயே அவள் வாங்குப் பலகையில் இருந்தாள். ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. தொலைபேசியை எடுத்து மாமாவுக்கு அழைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

“அப்பா, தம்பிக்கு அந்தியேட்டி செய்யுங்கோ.”

மாமா ஏதோ கேட்டார்.

“ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். ஆனால் செய்யேக்கை அவனுக்கு ஒண்டு சொல்லுங்கோ. ஒருத்தரும் தட்டிப் பாக்கேல்லை, தட்டிப் பாக்காமல்தான் மூடுறம் எண்டு சொல்லுங்கோ. அதைச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ.”

அவள் தொலைபேசியைக் காதோடு அமர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு மாமாவின் குரல் எனக்கும் கேட்டது.

“ஓம் பிள்ளை. சொல்லுறன்.”